நாலு விரல் இடைவெளி

சண்டை மாஸ்டர் விழாத மாடி அந்த ஊரில் கிடையாது. கட்டி முடிக்கும் முன்பே அவர் விழுந்து பார்த்துவிட்ட மாடிகளும் உண்டு. அவர்மேல் லாரி ஏற்றியிருக்கிறார்கள், அவரைக் கொளுத்தியிருக்கிறார்கள், ஹெலிகாப்டரிலிருந்து மூட்டைபோல உருட்டிவிட்டிருக்கிறார்கள். ஒருநாள் காலையில் கிணற்றில் விழுந்து செத்து, மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, சாயங்காலம் பாலத்திலிருந்து விழுந்து மறுபடியும் செத்தார். அவர் உடம்பில் ஒடியாத எலும்பு ஒன்று பாக்கி இருக்குமானால், அது டாக்டர்களுக்கே பெயர் தெரியாத எலும்பாக இருக்கும். அப்பேர்ப்பட்ட மனிதரை ஒரு விடியோ அடித்துச் சாய்த்தது. போட்டவர் அவருடைய சொந்தத் தங்கச்சி புருஷன்.

மாப்பிள்ளைக்குத் தொழில் கைப்பேசி பழுது பார்ப்பது. மற்ற நேரமெல்லாம் கருத்து. உலகத்தில் எந்தப் பொருள் பெட்டியைவிட்டு வெளியே வந்தாலும் அதைப் பற்றி அவருக்கு ஒரு கருத்து வந்துவிடும். சில சமயம் பொருளுக்கு முன்னாலேயே வந்துவிடும். மடக்கும் போனைப் பற்றிக் கேட்டால், மனுஷனுக்கு மடிக்க வீட்டில் துணியே இல்லையா என்பார். விண்வெளிப் படத்தில் ராக்கெட் வெடித்துச் சத்தம் கேட்டால் தியேட்டரில் எழுந்து நின்று, அங்கேதான் காற்றே இல்லையே, சத்தம் எதில் ஏறி வந்தது என்று திரையைப் பார்த்துக் கேட்பார். பின்சீட்டுக்காரர் ஒருமுறை பாப்கார்ன் வாளியால் பதில் சொன்னார். விடியோ கேமில் வரும் வீரன் முதுகில் பீரங்கியும் இடுப்பில் ஆறு துப்பாக்கியும் பைக்குள் ஒரு குதிரையும் வைத்துக்கொண்டு சுவர் ஏறுவதை அவரால் மன்னிக்கவே முடியாது. ஆனால் கண் வீங்குகிறவரை விளையாடுவதும் அதையேதான். இதையெல்லாம் தன் அறையில் உட்கார்ந்து விடியோவாகப் போடுவார். லட்சம் லட்சமாக ஜனங்கள் பார்த்தார்கள். தங்கச்சி மட்டும் பார்ப்பதில்லை. அவளுக்கு அத்தனையும் சமையலறையிலேயே கிடைத்துக்கொண்டிருந்தது.

போன வாரம் அவர் கண்ணில் ஒரு புதுப்படத்தின் முன்னோட்டம் பட்டது. நாயகன் வில்லனின் தாடையில் ஒரு குத்து விடுகிறான். வில்லன் மூன்று மேஜைகளைத் தாண்டிப் பறக்கிறான். மாப்பிள்ளை அந்தக் குத்தை நிறுத்தி, நகர்த்தி, பெரிதாக்கி, திரையின்மேல் தன் விரல்களையே வைத்து அளந்து காட்டினார். முட்டிக்கும் தாடைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. "இந்த இடத்துல ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். தெருவெல்லாம் பிள்ளைகள் நாலு விரல் தள்ளிக் குத்திக்கொண்டு, பறந்து பறந்து விழ ஆரம்பித்தார்கள். அந்தச் சண்டையை அமைத்தவர் மச்சான் என்பது மாப்பிள்ளைக்குத் தெரியும். தெரிந்தால் என்ன, கருத்துக்கு உறவு உண்டா?

படத்தின் தயாரிப்பு மேனேஜர் மாஸ்டரை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஜனங்க சிரிக்கிறாங்களாம் மாஸ்டர். க்ளைமாக்ஸ் ஃபைட்ட கம்ப்யூட்டர்லயே பண்ணிடலாம்னு முதலாளி சொல்றாரு."

"நகரும் படிக்கட்டையா?"

"அதத்தான்."

மாஸ்டருக்குக் காலுக்குக் கீழே தரை நழுவியது. நகரும் படிக்கட்டுச் சண்டை அவருடைய ஆயுள் கனவு. மேலே போகிற படியில் கீழே உருளுகிறவன் எவ்வளவு உருண்டாலும் போய்ச் சேரமாட்டான். அடிக்கிறவனும் விடமாட்டான், விழுகிறவனும் முடிக்கமாட்டான். பூமி தோன்றிய நாளிலிருந்து யாரும் எடுக்காத சண்டை என்று அவர் நம்பினார். கயிறு, மெத்தை எல்லாம் செட்டில் இறங்கிவிட்டது. அவருடைய ஆட்கள் ஒத்திகையில் உருண்டு உருண்டு முதுகுத் தோலைப் பாதி அங்கேயே விட்டிருந்தார்கள்.

"அந்த விடியோவ எடுத்துட்டு, தப்பா சொல்லிட்டேன்னு உங்க மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லட்டும். சாயங்காலத்துக்குள்ள. முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன். இல்லன்னா நாளைக்குக் கம்ப்யூட்டர் பசங்க வந்துடுவாங்க" என்றார் மேனேஜர்.

மாஸ்டர் மாப்பிள்ளைக்குப் போன் செய்தார். ஒரு வேண்டுகோளுக்காகச் செய்த போனில், குத்து வாங்கியவன் எந்தத் திசையில் எவ்வளவு தூரம் போவான் என்று அரைமணி நேரம் பாடம் கிடைத்தது. போனை வைத்துவிட்டு மூன்று ஆட்களை வேனில் ஏற்றினார்.

ஒருவன் பஞ்சு. எந்த உயரத்திலிருந்து போட்டாலும் சத்தமில்லாமல் இறங்குவான். இன்னொருவன் ஜன்னல். கண்ணாடி எங்கே இருக்கிறதோ அதன் வழியாகத்தான் போவான். மூன்றாமவன் தீக்குச்சி; நெருப்பு வைக்கிற காட்சியெல்லாம் அவனுக்கு. கழுத்திலிருந்து முழங்கைவரை அவன் தோல் உருகி உறைந்த மெழுகுபோல இருக்கும்.

"கை படக்கூடாது. மாப்பிள்ளை அவரு. மரியாதையா மிரட்டணும்" என்றார் மாஸ்டர்.

இதைச் சொல்லியிருக்கவே வேண்டாம். அவருடைய பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. அடிக்கிறவனின் கை தப்பித்தவறி எதிராளிமேல் உரசினால், கேமரா ஓடிக்கொண்டிருந்தாலும் நின்று, தோளைத் தொட்டு, "பட்டுச்சா?" என்று கேட்க வேண்டும். பட்டது என்று பதில் வந்தால் அடித்தவனுக்கு அன்று வேலை கிடையாது. இந்தச் சட்டத்திலேயே ஊறி, இந்த மூவரும் நிஜமாக ஒரு கொசுவை அடிக்கக்கூட லாயக்கில்லாமல் போயிருந்தார்கள். கொசு இருக்கிற இடத்துக்கு நாலு விரல் முன்னால் அவர்கள் கை தானாக நின்றுவிடும். மாஸ்டருக்கு இது அதுவரை தெரியாது. தெரிந்துகொள்ளும் சந்தர்ப்பம் வரவில்லை.

மாப்பிள்ளையின் அறை இரண்டாம் மாடியில். உள்ளே போனால் ராக்கெட்டுக்குள் ஏறியதுபோல இருக்கும். ஓரத்தில் துணி காயப்போட்ட ராக்கெட். மேஜையில் மூன்று திரைகள். சுவர் அகலத்துக்குக் கண்ணாடி அலமாரி. அதற்குள் உலகம் மறந்துபோன கேம் பெட்டிகள், கேமராக்கள், ட்ரோன்கள், தலையில் மாட்டிக்கொள்ளும் மெய்நிகர் கண்ணாடிகள். தரையில் ஒரு வட்டமான துப்புரவு ரோபோ, வந்தவர்களின் செருப்பை மோப்பம் பிடித்தது. நடுவில், சுழல் நாற்காலியில், காதில் ஹெட்செட்டோடு மாப்பிள்ளை ஒரு அரக்கனைச் சுட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க மச்சான். இவன முடிச்சுட்டு வந்துடறேன்."

முடித்தார். அரக்கன் விழுந்தான். "பாத்தீங்களா? நெத்தியில சுட்டா முன்னாடி விழறான். பின்னாடில்ல விழணும்?"

"அது கால் எப்படி இருக்குங்கறதப் பொறுத்தது சார்" என்று பஞ்சு தொழில் ஆர்வத்தில் முன்னால் வந்தான். "முட்டி லேசா மடங்கி இருந்தா..." மாஸ்டர் பார்த்த பார்வையில் பின்னால் போனான்.

நடுத்திரையின் தலையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கேமரா இருந்தது. ஆளுயரக் கேமராக்களுக்கு முன்னாலேயே செத்துப் பிழைத்த மாஸ்டர் அதைக் கேமராவாக மதிக்கவில்லை. அரக்கன் வதத்தை அந்த நேரம் ஊரே நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்து நடக்கப்போவதையும் ஒன்றுவிடாமல் பார்க்கப்போகிறது.

"அந்த விடியோவ எடுத்துடுங்க மாப்பிள்ளை."

"தப்பா எதாவது சொல்லியிருக்கேனா?"

"தப்பு சரி இல்ல இப்ப. என் க்ளைமாக்ஸ் போகுது."

"கருத்த எப்படி மச்சான் திருப்பி வாங்குறது? அது என்ன கடையில மாத்திக்கிற செருப்பா?"

மாஸ்டர் கண்ணைக் காட்டினார். பஞ்சு பாய்ந்தான். என்ன பாய்ச்சல் அது. அறையில் இருந்த காற்றெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கியது. அவன் கைமுட்டி மாப்பிள்ளையின் மூக்கை நோக்கி ரயில்போல வந்து, நின்றது. மாப்பிள்ளை கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. பஞ்சு பழக்கதோஷத்தில் அவர் தோளைத் தொட்டு, "பட்டுச்சா சார்?" என்றான்.

"இல்லையே" என்று மாப்பிள்ளை இடைவெளியில் தன் விரல்களை வைத்துப் பார்த்தார். "நாலு. நான்தான் சொன்னேனே."

இரண்டாவதாக ஜன்னல் வந்தான். மாப்பிள்ளை சலித்துக்கொண்டு, தள்ளிப் போப்பா என்பதுபோல ஒற்றை விரலால் அவன் நெஞ்சைத் தொட்டார். தொட்டதுதான் தாமதம். பல வருஷம் வாங்கிப் பழகிய உடம்பு அல்லவா, அது யாரையும் கேட்கவில்லை. ஜன்னல் கால்கள் இரண்டையும் மேலே வீசி, வீல் என்று அலறி, அறையின் குறுக்கே பறந்து, கண்ணாடி அலமாரிக்குள் முதுகு முதலாகப் போய் விழுந்தான். இந்தக் கண்ணாடி சினிமாக் கண்ணாடி அல்ல. அலமாரி ஒரு மழைபோல இறங்கியது. அவன் முதுகில் கண்ணாடித் துண்டுகள் முள்ளம்பன்றிக்குப்போல நின்றன. சட்டை சிவந்துகொண்டே வந்தது. பெட்டிகளும் கேமராக்களும் அவன் மண்டையில் ஒவ்வொன்றாக உருண்டன.

மாப்பிள்ளையின் முகம் மாறியதை மாஸ்டர் பார்த்தார். தன்னை அடிக்க வந்தபோது அசையாத மனிதர், தன் சேகரிப்பு சிதறியதும் புலியாகிவிட்டார். கைக்குக் கிடைத்த மெய்நிகர் கண்ணாடியைப் பட்டையோடு சுழற்றி, பக்கத்தில் நின்ற பஞ்சுவின் மூக்கில் ஒரு போடு போட்டார். மொறுக்கென்று ஒரு சத்தம். மூக்கா கண்ணாடியா என்று தெரியவில்லை. பஞ்சு முகத்தைப் பிடித்துக்கொண்டான், விரலிடுக்கெல்லாம் ரத்தம்.

"மாஸ்டர், இவரு நெஜமாவே அடிக்கிறாரு" என்றான் அவன், உலகத்தில் இப்படியும் ஒரு அநியாயம் நடக்குமா என்ற குரலில்.

"இது கனம் பத்தாது. முழுக்க பிளாஸ்டிக்" என்று மாப்பிள்ளை அதை வீசிவிட்டு ட்ரோனை எடுத்தார். ட்ரோன் தீக்குச்சியின் காதைக் கிழித்துக்கொண்டு சுவரில் மோதியது. "றெக்கை நல்லா இருக்கு, உடம்பு ஒண்ணுமில்ல." அடுத்து பழைய கேம் பெட்டி, ஈயக்குண்டு மாதிரி, பஞ்சுவின் முழங்காலில் இறங்கியது. "இந்தக் கட்டுமானம் இப்ப எவன் தர்றான்?" பஞ்சு நொண்டிப் பின்வாங்கி, துப்புரவு ரோபோவின்மேல் கால் வைத்தான். ரோபோ தன் கடமை தவறாமல் அவனை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. மூன்று திரைகளில் இரண்டை அவன் கூடவே அழைத்துக்கொண்டு விழுந்தான். தீக்குச்சி தன் பங்குக்கு ஆளுயரம் எம்பி ஒரு உதை விட, அது மாப்பிள்ளையின் காதுக்கு நாலு விரல் தள்ளிப் போய் விசிறியை மட்டும் கழற்றிக் கீழே போட்டது. அடித்தவர்கள் மூவர், அடிபட்டவர்களும் அவர்களே.

மொட்டை மாடியில் துணி எடுக்கப் போன தங்கச்சி கொடிக்கம்போடு ஓடி வந்தாள். சின்ன வயதில் அண்ணனுக்குக் கயிறு பிடித்துக் கை காய்த்தவள். பட்டறைச் சட்டம் அவளுக்கு மட்டும் செல்லாது. யார், என்ன என்று கேட்கவில்லை, கம்பைச் சுழற்றினாள். தீக்குச்சிக்குக் கணுக்காலில் ஒன்று, பஞ்சுவுக்குப் பின்மண்டையில் ஒன்று, அண்ணனுக்கு விலாவில் இரண்டு. புருஷனுக்கும் ஒன்று விழுந்தது. அது கணக்கில் வராது, வேறு பாக்கி.

"டேய், வீடாடா இது, செட்டாடா? அண்ணே, நீயுமா?"

"விடியோவ எடுக்கச் சொல்லும்மா. என் பொழப்பு."

"எடுத்துத் தொலைங்களேன்" என்று அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

மூச்சு வாங்க, சட்டை கிழிந்து நின்ற மாப்பிள்ளைக்கு அந்த நேரத்திலும் ஒரு கருத்து வந்தது. அதை விழுங்கியிருக்கலாம். விழுங்கிப் பழக்கமில்லை.

"கம்ப்யூட்டர் பண்ணா என்ன தப்பு மச்சான்? அதுக்கு முதுகு வலிக்காது. உங்க ஆளுங்க பண்றதுல எது நெஜம் சொல்லுங்க? அடிக்கிறது பொய். விழறதும் பொய்."

மாஸ்டரின் கண் தீக்குச்சியின் கழுத்துக்குப் போனது. அங்கிருந்து ஜன்னலின் முதுகுக்கு. பிறகு என்ன நடந்தது என்று அவருக்கே சரியாகத் தெரியாது. வலது கை கிளம்பியது. வழியில் எங்கும் நிற்கவில்லை.

சினிமாவில் வரும் சத்தம் எதுவும் வரவில்லை. ஈரத்துணியைத் தரையில் போட்டதுபோலத் தொப்பென்று ஒன்று, அதற்குள் சுள்ளி ஒடிந்ததுபோல இன்னொன்று. மாப்பிள்ளை பறக்கவில்லை. இரண்டடி பின்னால் போய், நின்ற இடத்திலேயே சாக்குமூட்டைபோல மடங்கி உட்கார்ந்தார். வாயிலிருந்து ஒரு பல் மடியில் விழுந்தது. பின்னாலேயே ரத்தம் கோழையோடு நூலாக இறங்கியது. கண் எங்கேயோ பார்த்தது. தங்கச்சி கம்பைக் கீழே போட்டாள்.

மாஸ்டர் முழங்காலிட்டு அவர் தோளைத் தொட்டார். "பட்டுச்சா மாப்பிள்ளை?"

"பட்டுடுச்சு மச்சான்."

மாஸ்டரின் கையும் ஒரு மாதிரி இருந்தது. சுண்டுவிரலுக்குக் கீழே எலும்பு ஒடிந்து, மேடு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் இருந்தது. எத்தனையோ மாடிகளிலிருந்து விழுந்தும் தேறிவந்த கை, ஒரு தாடையில் போய் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அந்தக் கையை உற்றுப் பார்த்தார். "தாடை எலும்பு கெட்டி மச்சான். கையெலும்பு குச்சி. குத்தினா குத்துனவனுக்குத்தான் மொதல்ல உடையும். இதுலயும் ஒரு விடியோ..." என்றவர், ஞாபகம் வந்ததுபோல மீதியிருந்த திரையைத் திரும்பிப் பார்த்தார். "ஐயோ, லைவ் ஓடிட்டிருக்கு."

தங்கச்சி குனிந்து, வந்து குவியும் கமெண்டுகளை வாசித்தாள். "கண்ணாடிக்குள்ள போனவரு சூப்பர்னு போட்டிருக்காங்க. ரோபோ மேல போனவருக்குக் கைதட்டல்." திரையை இன்னும் கீழே நகர்த்தினாள். "கடைசி அடி மட்டும் டூப்பாம். சத்தமே இல்லையாம், நம்புற மாதிரி இல்லையாம்."

முகத்தில் துண்டை அழுத்திக்கொண்டே பஞ்சு சிரித்துவிட்டான். சிரித்ததில் மூக்கிலிருந்து மறுபடி கொட்டியது.

ஜன்னலைக் குப்புறப் படுக்கவைத்துத் தங்கச்சி சாமணத்தால் கண்ணாடி பிடுங்கிக்கொண்டிருக்கும்போது தயாரிப்பு மேனேஜர் படியேறி வந்தார். முகமெல்லாம் பல்.

"மாஸ்டர், முதலாளி பாத்துட்டாரு. லைவ்லயே பாத்துட்டாரு. கம்ப்யூட்டர் வேணாம்னுட்டாரு. க்ளைமாக்ஸ் உங்களுக்குத்தான்."

மாஸ்டர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை ஐஸ்கட்டியைத் தாடையில் வைத்துக்கொண்டு, பல் போனாலும் பரவாயில்லை என்பதுபோலத் தலையாட்டினார்.

"ஒரே ஒரு விஷயம்" என்றார் மேனேஜர். "இதே மாதிரி எடுக்கணும். நெஜமா. இடைவெளி இல்லாம. நெஜமா அடிச்சதுன்னு போஸ்டர்லயே போடுவோம். ஆஸ்பத்திரி செலவு கம்பெனியோடது, பல்லு போச்சுன்னா கட்டிக் குடுத்துடுவோம்."

"அந்தப் படியில நெஜமா அடிச்சா சாவானுங்க சார். மேல போற இரும்பு அது. பல்லு பல்லா இருக்கும்."

"அட, லேசாத்தான். ரத்தம் வந்தாப் போதும். இப்ப பாருங்க, இப்படி."

பக்கத்தில் நின்ற பஞ்சுவின் கன்னத்தில் மேனேஜர் ஓங்கி அறைந்தார். உடைந்த மூக்கு அசைந்து ஒரு பக்கமாகப் போனது.

பஞ்சு விழவில்லை. ஒற்றை விரல் பட்டாலே பறக்கிற கூட்டத்தில் ஒருவன், அறையை வாங்கிக்கொண்டு நட்டுவைத்ததுபோல நின்றான். கண்ணில் மட்டும் தண்ணீர் தளும்பியது. மாஸ்டரைத் திரும்பிப் பார்த்து, "இப்படித்தான் பண்ணணுமா மாஸ்டர்? சொல்லுங்க, பண்றேன்" என்றான்.

நகரும் படிக்கட்டு மாஸ்டரின் கண்ணுக்குள் ஒருமுறை கீழிருந்து மேல்வரை ஓடியது. பிறகு இடது கையால் மேனேஜரின் சட்டைக் காலரையும், ஒடிந்த வலது கையை மடக்கி முழங்கையால் அவர் இடுப்பையும் பிடித்தார். அலாக்காகத் தூக்கி வாசலுக்குக் கொண்டுபோனார். தங்கச்சி முன்னாலேயே ஓடிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

உருட்டிவிட்ட படிக்கட்டில் மெத்தை இல்லை, கயிறு இல்லை. மேனேஜருக்கு விழவும் தெரியவில்லை. தோளைக் கொடுக்க வேண்டிய இடத்தில் தாடையைக் கொடுத்தார். சுருட்ட வேண்டிய காலை நீட்டினார். ஒவ்வொரு படியும் தன் பங்கை வாங்கிக்கொண்டது. முதல் திருப்பத்தில் கழுத்துப்பட்டை எலும்பு போனது. இரண்டாவதில் ஒரு செருப்பும் பல்வரிசையின் முன்பாதியும் போயின. வாசற்படியில் போய் நின்றபோது உயிர் இருந்தது. அதை எல்லோரும் தெளிவாகக் கேட்டார்கள். அவர்களின் அம்மா, பாட்டன், பரம்பரை எல்லாரையும் அவர் ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டிருந்தார். நடுவில் தொழில் சமாசாரமும் வந்தது. மாஸ்டர் இனி இந்த ஊரில் ஒரு பூனையைக்கூடச் சண்டைக்கு விடமுடியாது. கம்ப்யூட்டர் பசங்கள் நாளைக்கு இல்லை, இன்றைக்கே வருகிறார்கள்.

"கயிறெல்லாம் அங்க கெடக்கு" என்றார் மாஸ்டர். "கேட்டப் பூட்டறதுக்குள்ள எடுத்தாகணும்."

எல்லோரும் வேனில் ஏறினார்கள். ஜன்னல் பின்னால் குப்புறப் படுத்துக்கொண்டான். மாஸ்டர் ஸ்டியரிங்கில் இடது கையை வைத்துவிட்டு, கியரைப் பார்த்தார். வலது கை பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. பக்கத்து சீட்டிலிருந்த மாப்பிள்ளை கியர் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லுங்க மச்சான், நான் போடறேன்."

"ஒண்ணு."

போட்டார். வேன் விம்மிக் கிளம்பியது. தெருமுனைவரை மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. அவர் வாழ்க்கையிலேயே நீண்ட மௌனம் அதுதான். பிறகு, வாயில் துணியோடு, "அந்த விடியோவ எடுத்துடட்டுமா?" என்றார்.

மாஸ்டர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இருக்கட்டும் மாப்பிள்ளை. நாலு விரல் விட்டேன்னு நீங்க சொன்னது நெஜம்தானே. அத எவனும் இல்லன்னு சொல்லிடக்கூடாது. ரெண்டு."

"மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போண்ணே" என்றாள் தங்கச்சி பின்னாலிருந்து, பஞ்சுவின் தலையை மடியில் நிமிர்த்திப் பிடித்தபடி.

"மொதல்ல கயிறு."

"தானா கியர் மாத்துற வண்டிய வாங்கச் சொன்னா கேக்கறதில்ல" என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார். "ரெண்டு கையும் இல்லாதவன்கூட அத ஓட்டலாம். இப்ப பாருங்க, உங்க கிளட்ச் இருக்கே..."

"மூணு" என்றார் மாஸ்டர்.